சாயப்பட்டறைத் தொட்டி ரெசினில் விமான ரேடோம் செய்ய முடியுமா?

கேட்டவர் பெருந்துறைப் பக்கம் எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த பிளாஸ்டிக்) தொட்டி செய்யும் சிறு பட்டறை வைத்திருக்கிறார். திருப்பூர் சாயப்பட்டறைகளுக்கு ஆசிட் தொட்டி, காஸ்டிக் தொட்டி எல்லாம் பல வருடமாகச் செய்து கொடுக்கிறாராம். அவர் கேட்டது சுருக்கமாக இதுதான்: "எங்கள் வினைல் எஸ்டர் தொட்டி பத்து வருடம் ஆசிட்டைத் தாங்குகிறது. கோவைக்குப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் வந்துவிட்டது என்கிறார்கள். இதே ரெசினில் விமான ரேடாரின் மூடியைச் செய்ய முடியாதா? முடியாது என்றால், மின்காப்பு மாறிலி குறைவாகவும் கெமிக்கல் தாங்குவதாகவும் உள்ள ரெசின் எது?" ஒரு ரெசின் பெயரைக் கேட்பது போலத்தான் தெரிகிறது. ஆனால் உள்ளே இருக்கும் கேள்வி இன்னும் பெரியது. ரேடார் அலையைத் தடுக்காமல் விடுவதும், மேலே கொட்டும் எண்ணெயையும் தண்ணீரையும் உள்ளே விடாமல் இருப்பதும் ஒரே பாலிமரிடம் கிடைக்குமா என்பதுதான் அது. அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

கோவையில் பாலிமர் வேதியியல் படித்துவிட்டு, இருபது வருடத்துக்கு மேல் கூட்டுப்பொருள் ஆய்வகங்களில் ரெசின் பக்கம் வேலை செய்தவன் நான். ரேடார் வடிவமைப்பு என் துறை இல்லை. சுவரின் வடிவம், ஆன்டெனாவின் கோணம் பற்றியெல்லாம் மின்காந்தப் பொறியாளர் சொல்வதே கடைசி வார்த்தை. ரெசின் பற்றி மட்டும் துணிந்து பேசுகிறேன்.

முதலில் ரேடோம், அதாவது ரேடாரின் மூடி, என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். விமானத்தின் மூக்கில் இருக்கும் கூம்புக்குள் வானிலை ரேடார் இருக்கிறது. பயணிகள் விமானங்களில் அது 9.3, 9.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்யும். அலைநீளம் சுமார் 32 மி.மீ. இந்த அலை கூம்பின் சுவரைத் தாண்டிப் போய், மேகத்தில் பட்டு, திரும்பவும் அதே சுவரைத் தாண்டி உள்ளே வர வேண்டும். சுவர் கொஞ்சம் அலையைத் திருப்பி அனுப்பும், கொஞ்சத்தை விழுங்கிச் சூடாக்கும். திருப்பி அனுப்புவதை மின்காப்பு மாறிலி தீர்மானிக்கிறது, விழுங்குவதை இழப்புக் காரணி தீர்மானிக்கிறது. காற்றின் மாறிலி ஏறக்குறைய 1. மாறிலி 4 உள்ள பொருளின் ஒரு பரப்பில் நேராகப் படும் அலையில் 11 சதவீதம் திரும்பிவிடும். 3 என்றால் 7 சதவீதம். டெஃப்லான் போல 2.1 என்றால் 3.4 சதவீதம்தான். சுவருக்கு இரண்டு பரப்பு, அலைக்கு இரண்டு பயணம் என்று யோசித்தால் இந்தச் சின்ன எண்கள் எவ்வளவு முக்கியம் என்று புரியும். சுவரின் தடிமனை அலைநீளத்துக்குப் பொருத்தமாக வைத்து இரண்டு பரப்பின் பிரதிபலிப்பும் ஒன்றையொன்று அழிக்கும்படி செய்யலாம். மாறிலி 4 என்றால் 8 மி.மீ. தடிமனில் அது நடக்கும். ஆனால் விழுங்கப்பட்டதை எந்தத் தந்திரத்தாலும் மீட்க முடியாது. கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்துவதால் இந்த இடத்துக்கு ஆகவே ஆகாது. கண்ணாடி, குவார்ட்ஸ், சில கரிம இழைகள், இவைதான் வழி.

இப்போது உங்கள் வினைல் எஸ்டர். காய்ந்த நிலையில் மாறிலி மூன்றுக்குச் சற்று மேலே இருக்கும், அதை மோசம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் தொட்டிகளின் அண்ணன் முறையான கண்ணாடி-பாலியெஸ்டரில் ஒரு காலத்தில் ரேடோம்கள் செய்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ப்ளைவுட்டில்கூடச் செய்தார்கள், அது ஈரத்தைக் குடித்ததுதான் பிரச்சினை. ஆகவே முடியவே முடியாது என்பது சரியான பதில் ஆகாது. தடை வேறு இடங்களில் இருக்கிறது. கையால் துணியை அடுக்கி ரெசின் பூசும் ஹேண்ட் லே-அப்பில் ஒரு மி.மீ. கூடக் குறைய வருவது தொட்டிக்குப் பரவாயில்லை, ரேடோமுக்கு அது ரேடாரின் பார்வையையே கோணலாக்கும். தொட்டியின் உட்பக்கம் ரெசின் அதிகமாக ஒரு படலம் வைப்பீர்கள், ஆசிட்டைத் தடுப்பது அதுதான். ரேடோமில் இழையும் ரெசினும் எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். நிறத்துக்காகப் போடும் பிக்மென்ட், விலையைக் குறைக்கப் போடும் டால்க், எல்லாமே மாறிலியை ஏற்றும். இவையெல்லாம் கைப்பழக்கத்தில் திருத்திக்கொள்ளக் கூடியவை. திருத்த முடியாத ஒன்று ரெசினின் மூலக்கூறுக்குள்ளேயே இருக்கிறது.

அதன் பெயர் ஹைட்ராக்சில், ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த குழு. விமானங்களில் வழக்கமாகப் போடும் எபாக்சி ரெசினைப் பாருங்கள்: அதன் எபாக்சி வளையம் ஒன்று, இறுகச் செய்யும் அமீனுடன் சேர்ந்து திறக்கும்போது ஒரு ஹைட்ராக்சில் பிறக்கிறது. எத்தனை வளையம் திறக்கிறதோ அத்தனை ஹைட்ராக்சில். வினைல் எஸ்டரும் எபாக்சியிலிருந்து பிறந்ததால் அதன் உடம்பிலும் இது உண்டு. ஹைட்ராக்சிலுக்கு முனைவுத்தன்மை அதிகம், அதாவது ஒரு முனையில் கொஞ்சம் நேர் மின்னூட்டம், மறுமுனையில் எதிர் மின்னூட்டம். ரேடார் அலையின் மின்புலம் வினாடிக்குப் பல நூறு கோடி முறை திசை மாறும்போது இந்தக் குட்டி முனைகள் கூடவே ஆடப் பார்க்கின்றன, அந்த ஆட்டத்தில் ஆற்றல் வெப்பமாகிறது. எபாக்சியின் இழப்புக் காரணி 0.02 அளவில் நிற்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். அதைவிடக் கெடுதல், ஹைட்ராக்சில் தண்ணீரைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். தண்ணீரின் மாறிலி அறை வெப்பத்தில் சுமார் 80. பத்து கிகாஹெர்ட்ஸில் அது 60 பக்கம் இறங்கினாலும், அங்கேதான் தண்ணீர் அலையை வெறித்தனமாக விழுங்குகிறது. விமான எபாக்சிகள் ஈரமான வெப்பத்தில் தம் எடையில் 2 முதல் 5 சதவீதம் வரை தண்ணீர் பிடிக்கக் கூடியவை. காய்ந்த தகட்டை அளந்து நல்ல எண்ணைக் காட்டுவது எளிது. ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு அதே தகடு என்ன எண் காட்டுகிறது என்பதைத்தான் நான் கேட்பேன்.

சரி, முனைவுத்தன்மை உள்ள குழுக்களை எல்லாம் எடுத்துவிட்டால்? பாலி எத்திலீன் போல வெறும் கார்பனும் ஹைட்ரஜனும் உள்ள பாலிமரின் மாறிலி 2.3 அளவுதான், தண்ணீரும் ஒட்டாது. ஆனால் விமானத்தில் தண்ணீர் மட்டுமா கொட்டுகிறது? மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த ஜெட் எரிபொருள் இருக்கிறது. ஹைட்ராலிக் அமைப்பில் ஸ்கைட்ரால் என்ற பாஸ்பேட் எஸ்டர் திரவம் இருக்கிறது, எளிதில் தீப்பிடிக்காது என்பதற்காகப் பயணிகள் விமானங்களில் போடுவது, பெயிண்டையும் பல பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும். பனி நீக்கும் கிளைகால் இருக்கிறது, துடைக்கிற கரைப்பான்கள் இருக்கின்றன. ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்பது வேதியியலின் பழைய விதி. முனைவில்லாத பாலிமரை முனைவில்லாத எரிபொருள் ஊற வைக்கும். முனைவுள்ள பாலிமரை ஸ்கைட்ராலும் தண்ணீரும் ஊற வைக்கும்.

கோவை பம்ப் பட்டறைகளில் சீல் மாற்றியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. எண்ணெய் படும் இடத்தில் நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங் போடுவார்கள், இ.பி.டி.எம். என்ற இன்னொரு ரப்பரைப் போட்டால் எண்ணெயில் ஊதிவிடும். விமானத்தில் ஸ்கைட்ரால் போகும் குழாயில் இது தலைகீழ்: இ.பி.டி.எம். தாங்கும், நைட்ரைல் கெட்டுவிடும். நைட்ரைலில் இருக்கும் முனைவுத்தன்மைதான் எண்ணெயை விரட்டுகிறது, அதே முனைவுத்தன்மைதான் பாஸ்பேட் எஸ்டரை வரவேற்கிறது. ஒரே ரப்பர் இரண்டையும் தாங்கட்டும் என்று யாரும் கேட்பதில்லை. ரேடோம் ரெசினிடம் மட்டும் நாம் அதைக் கேட்கிறோம், அதோடு மாறிலியும் குறைய வேண்டும் என்கிறோம். உங்கள் கேள்வியின் கஷ்டம் முழுவதும் இந்த முடிச்சில்தான் இருக்கிறது.

முடிச்சை அவிழ்க்க ஒரு வழி, கரைப்பானுக்கு நுழைய இடம் கொடுக்காமல் மூலக்கூறுகளை இறுக்கிக் கட்டுவது. மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பு அடர்த்தியாக இருந்தால், கரைப்பானுக்கு அந்த ரெசின் பிடித்திருந்தாலும் அது உள்ளே போய் விரிக்க முடியாது. இதோடு ஹைட்ராக்சிலும் பிறக்காத ஒரு வினை வேண்டும். அந்த இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது சயனேட் எஸ்டர். ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் எர்ன்ஸ்ட் கிரிகாட், ரோல்ஃப் பூட்டர் இருவரும் 1960-களில் இதைச் சுத்தமாகத் தயாரிக்கும் வழியைக் கண்டார்கள். மூன்று சயனேட் குழுக்கள் கைகோத்து ட்ரையசின் என்ற ஆறுமுனை வளையம் ஆகின்றன. வெளியே எதுவும் கழிவதில்லை, ஹைட்ராக்சில் உண்டாவதில்லை. வளையம் சமச்சீராக இருப்பதால் அதிலுள்ள முனைவுகள் ஒன்றையொன்று ஈடு செய்துகொள்கின்றன. மாறிலி 2.7 முதல் 3 வரை, இழப்புக் காரணி எபாக்சியில் கால்வாசிக்கும் குறைவு. தண்ணீர் ஏறுவது ஒன்றிரண்டு சதவீதம். சூட்டில் நன்றாக வேகவைத்து இறுக்கினால் 250 டிகிரி வரை இளகாது. எரிபொருள், ஸ்கைட்ரால், கரைப்பான்கள் எல்லாவற்றுக்கும் நன்றாகத் தாங்கும். நம் நாட்டில் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் சி.பி. ரெகுநாதன் நாயர் குழு இந்த ரெசின் குடும்பத்தில் ஆழமாக வேலை செய்து, 2001-ல் ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பே வெளியிட்டிருக்கிறது.

இதற்கும் பலவீனம் உண்டு, காஸ்டிக் தொட்டி செய்பவர் என்பதால் உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சூடான காரத்திலும் நீராவியிலும் சயனேட் எஸ்டர் வலையமைப்பு மெல்ல அறுபடும். உங்கள் வினைல் எஸ்டர் தொட்டி காஸ்டிக்கில் இதை ஜெயித்துவிடும். "கெமிக்கல் தாங்கும்" என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை, எந்தக் கெமிக்கல், எந்தச் சூட்டில், எத்தனை நாள் என்று சொன்னால்தான் அது பதில்.

இன்னொரு பலவீனத்தை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். வேகாத சயனேட் எஸ்டர் தண்ணீரைப் பார்த்தால் கார்பமேட் என்ற சேர்மம் ஆகும், சூடேற்றும்போது அது உடைந்து கார்பன் டை ஆக்சைடு வாயுவை விடும். ஒரு ஆடி மாதம், பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று ஈரத்தைச் சுமந்து வரும் நாட்கள். மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இருந்த ரெசின் தோய்த்த துணிச் சுருளை எடுத்தோம். அது அறைச் சூட்டுக்கு வரும் வரை உறையைப் பிரிக்கக் கூடாது. அவசரத்தில் நான் பிரிக்கச் சொல்லிவிட்டேன். குளிர்ந்த துணியில் பனி போல் ஈரம் பூத்தது, துடைத்தால் போகும் என்று நினைத்தேன். 177 டிகிரியில் வேகவைத்து எடுத்தபோது தகடு முழுக்கக் கொப்புளம். நான்கு மாத வேலை, இறக்குமதி செய்த குவார்ட்ஸ் துணி, எல்லாம் குப்பைக்குப் போனது. அந்தத் தகட்டின் ஒரு துண்டு இன்றும் என் மேசையில் இருக்கிறது. லே-அப் அறையில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே, சூடு 20 முதல் 25 டிகிரிக்குள் என்ற விதி ஏன் என்று கேட்கும் ஒவ்வொரு புதுப் பையனிடமும் அதைக் கையில் கொடுத்திருக்கிறேன்.

அடுத்தது ஃப்ளூரின். கார்பன்-ஃப்ளூரின் பிணைப்பின் எலக்ட்ரான்கள் இறுக்கமானவை, மின்புலம் இழுத்தால் எளிதில் அசையாது. அதனால் மாறிலி குறைகிறது, தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் பிடிக்காத பரப்பு கிடைக்கிறது. சயனேட் எஸ்டரின் நடுவில் ஆறு ஃப்ளூரின் உள்ள ஒரு இணைப்பை வைத்தால் மாறிலி 2.6, 2.7 வரை இறங்குகிறது. ஆனால் ஃப்ளூரினைச் சர்வரோக நிவாரணி என்று நினைக்க வேண்டாம். ஃப்ளூரோ ரப்பர் எண்ணெயிலும் எரிபொருளிலும் ராஜா, ஸ்கைட்ராலில் ஊதிவிடும். டெஃப்லான் எதையும் தாங்கும், எதனோடும் ஒட்டாது, சுமை வைத்தால் மெல்ல நகர்ந்துவிடும். இன்னொரு பிரச்சினை சட்டம். இயற்கையில் சிதையாத ஃப்ளூரின் சேர்மங்களை ஒட்டுமொத்தமாகக் கட்டுப்படுத்த ஐந்து ஐரோப்பிய நாடுகள் 2023-ல் ஒரு முன்மொழிவு கொடுத்தன. 3எம் நிறுவனம் 2025 முடிவுக்குள் இவற்றின் தயாரிப்பிலிருந்து வெளியேறுவதாக 2022 டிசம்பரிலேயே அறிவித்தது. விமானத் துறைக்கு எவ்வளவு விலக்கு கிடைக்கும் என்பதை வைத்து இன்றைக்கு யாரும் பத்து வருடத் திட்டம் போடக் கூடாது. புதிதாகத் தொடங்குபவர் ஃப்ளூரின் இல்லாத வழியில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. கருத்துதான், என்னோடு வேலை செய்த நல்ல வேதியியலாளர்களே இதில் என்னோடு ஒத்துப்போவதில்லை.

காற்றை உள்ளே அடைப்பதும் ஒரு வழி. நுண்துளை வைத்த பாலிமர்கள் 2-க்கும் கீழே போவதாக ஆய்வுக் கட்டுரைகள் நிறைய வருகின்றன. மின்னணுச் சில்லுகளுக்கு அது உதவும். விமானச் சுவருக்கு நான் அதை நம்ப மாட்டேன், காற்று போகும் துளையில் ஒரு நாள் தண்ணீரும் போகும். காற்றை ரெசினுக்குள் வைக்காமல் நடுவில் தேன்கூடு அமைப்பாக வைத்து, இரண்டு பக்கமும் மெல்லிய தகடு ஒட்டுவதுதான் நடைமுறை. அதிலும் ஆலங்கட்டி விழுந்து ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் தேன்கூட்டில் தண்ணீர் தேங்கும். பராமரிப்பாளர்கள் ரேடோம்மேல் ஈரமானி வைத்துத் தேடுவது அதைத்தான். அதிகச் சூட்டுக்கு அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் டெடி கெல்லர் குழு வளர்த்த தாலோநைட்ரைல் ரெசின்கள் இருக்கின்றன. தீயிலும் சூட்டிலும் அபாரம், ஆனால் முழுதாக வேக 300 டிகிரிக்கு மேல் வேண்டும், சிறு பட்டறை அடுப்பு அதற்குப் போதாது. பீக் என்ற தெர்மோபிளாஸ்டிக் ஸ்கைட்ராலை அசையாமல் தாங்கும், மாறிலி 3.2, பதப்படுத்த 343 டிகிரி உருகுநிலையைத் தாண்ட வேண்டும். இந்த இரண்டையும் இப்போதைக்கு நீங்கள் மறந்துவிடலாம்.

ரெசினையே பேசிக்கொண்டு இழையை விட்டுவிடக் கூடாது. தகட்டின் பாதிக்கு மேல் இழைதான். சாதாரண இ-கண்ணாடியின் மாறிலி 6-க்கு மேல், குவார்ட்ஸ் 3.8 கூட இல்லை. எபாக்சியை மாற்றாமல் கண்ணாடியைக் குவார்ட்ஸாக மாற்றினாலே பெரிய லாபம். நம் தேஜஸ் போர் விமானத்தின் மூக்குக்கூம்பு முதலில் கெவ்லார் என்ற கரிம இழையில் இருந்தது, ரேடாரின் எட்டும் தூரத்தைக் கூட்டத்தான் குவார்ட்ஸுக்கு மாற்றினார்கள். 2018-ல் தேஜஸ் படைப்பிரிவு கோவைப் பக்கத்துச் சூலூருக்கு வந்த பிறகு, அந்தக் கூம்பு நம் தலைக்கு மேலேயே பறந்தது.

துணி என்று வரும்போது நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. என் பெரியப்பா சோமனூரில் சைசிங் வைத்திருந்தார். பாவு நூலுக்குக் கஞ்சி போட்டால்தான் தறியில் அறுபடாது, நெய்த பிறகு கஞ்சியை முழுதாக எடுத்தால்தான் சாயம் பிடிக்கும் என்பார். கண்ணாடித் துணியிலும் இதே கதைதான். நெய்வதற்காகப் பூசிய மாவும் எண்ணெயும் கலந்த பூச்சைச் சூட்டில் எரித்து எடுத்துவிட்டு, ரெசினோடு கைகோக்கும் சிலேன் என்ற பூச்சைப் பூசுகிறார்கள். எரிப்பதில் மிச்சம் விட்டால் அங்கே கரி இருக்கும், கரி அலையை விழுங்கும். சிலேன் ரெசினுக்குப் பொருந்தாவிட்டால் இழைக்கும் ரெசினுக்கும் நடுவே தண்ணீர் நூல் பிடித்தது போல ஓடும். எத்தனையோ தடவை ரெசினைக் குற்றம் சொல்லிவிட்டுக் கடைசியில் துணியின் பூச்சில் தவறு இருந்ததைப் பார்த்திருக்கிறேன். உங்கள் சப்ளையர் கொடுக்கும் துணியில் என்ன பூச்சு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதில் உறுதியாகச் சொல்லக் கூடியவை எவை? ஹைட்ராக்சிலைக் குறைத்தால் மாறிலி, இழப்பு, ஈரம் மூன்றும் இறங்கும் என்பது உறுதி. சயனேட் எஸ்டர்-குவார்ட்ஸ் தகடு கண்ணாடி-எபாக்சியைவிட அலையை நன்றாக விடும் என்பதும் உறுதி, முந்தையது 3.2 பக்கம், பிந்தையது 4-க்கு மேல். ஆய்வகத்தில் மூன்று மாதம் ஊற வைத்து எடுத்த எண்ணை வைத்து இருபது வருடச் சேவையைக் கணிப்பதில்தான் சந்தேகம். ஈரம், வெயில், மேலே போனால் கடுங்குளிர், கீழே வந்தால் தார்ச்சாலைச் சூடு, இவை மாறி மாறி அடிக்கும்போது நுண்விரிசல் எங்கே தொடங்கும் என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஒரு புதிய ரெசினின் மாறிலி 2.4 என்று யாராவது காட்டினால், எந்த அதிர்வெண்ணில் அளந்தது, காய்ந்ததா ஈரமானதா என்று முதலில் கேளுங்கள். குறைந்த அதிர்வெண்ணில் அளந்ததை ரேடாருக்குப் பொருத்திக் காட்டுவது நிறைய நடக்கிறது.

உங்கள் பட்டறைக்கு நான் சொல்வது இதுதான். மூக்குக்கூம்பில் தொடங்காதீர்கள், அது மின்னல், பறவை மோதல், சான்றிதழ் என்று பல வருடம் இழுக்கும். தரையில் நிற்கும் ஆன்டெனாக்களுக்கு மூடி செய்வதில் தொடங்குங்கள், அதற்கு உங்கள் பாலியெஸ்டரும் வினைல் எஸ்டரும் பிக்மென்ட் இல்லாமல் போதும், தடிமனைக் கட்டுப்படுத்தும் பழக்கம் அங்கேயே வந்துவிடும். அடுத்த கட்டமாக, இழை சேர்க்காத ரெசின் வார்ப்புத் துண்டுகள் செய்யுங்கள். காய வைத்து எடை போட்டு, பத்து கிகாஹெர்ட்ஸ் பக்கம் மாறிலியையும் இழப்பையும் அளக்கக் கொடுங்கள். சென்னையில் மத்திய அரசின் சமீர் நிறுவனத்தின் மின்காந்த மையம் இருக்கிறது, பாலிமர் சோதனைகளுக்கு மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிபெட் இருக்கிறது. அளந்த துண்டுகளைத் தனித்தனியாக 70 டிகிரி தண்ணீர், ஜெட் எரிபொருள், ஸ்கைட்ரால், கிளைகால் நான்கிலும் ஊறப் போடுங்கள். ஸ்கைட்ரால் தோலையும் கண்ணையும் கடுமையாக எரிக்கும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். ஒவ்வொரு வாரமும் எடுத்துத் துடைத்து எடை போட்டு, எடை ஏறுவது நின்ற பிறகு திரும்பவும் மாறிலியை அளக்க வேண்டும். வினைல் எஸ்டர், விமான எபாக்சி, சயனேட் எஸ்டர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதைச் செய்தீர்கள் என்றால், எந்த ரெசின் என்று நீங்களே சொல்வீர்கள். அந்த எடைக் கணக்கோடு எழுதுங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.